புல்வெளியில் ஒரு சிரமதானம்

நான் திட்டம் போட்டுச் செய்த எந்தக் காரியமும் இதுவரை ஒழுங்காக முடிந்ததில்லை. திட்டம் போடாமல் செய்தவையும் அப்படித்தான் முடிந்தன. ஆனால் அவற்றுக்குச் செலவு குறைவு. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன் தன்னைப் பற்றிய சில உண்மைகளோடு சமாதானமாகிவிட வேண்டும் என்பதால் இதை இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். என் மனைவி இந்த உண்மையோடு எனக்கு முன்பே சமாதானமாகிவிட்டாள். சரியாகச் சொன்னால், என்னை முதன்முதலாகச் சந்தித்த நாளிலேயே.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் அம்மா அப்பாவோடு இருந்தேன். குரோய்டனில் ஓர் அலுவலகத்தில், படுத்துவிட்ட கணினிகளை எழுப்பிவிடும் வேலை. (‘நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ’ என்பதைத்தான் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.) அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு பெண்ணை டூட்டிங்கில் ஓர் உணவகத்தில் சந்தித்திருந்தேன். அவளோடு என்னென்ன கதைக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தோசை வருவதற்கு முன்பே எல்லாம் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் இருவரும் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்தது ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு சம்பந்தம். பெயர் தர்சினி. “கவுன்சிலில பெரிய வேலையாம்,” என்றார் அம்மா. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கவுன்சில் என்றால் வரி, குப்பைத் தொட்டி, கார் நிறுத்துவதற்கான அனுமதி என்பதுதான் என் அறிவு. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவள் யாருக்கோ ‘ஏலாது’ என்று சொல்வதாகக் கற்பனை செய்துகொண்டேன்.

தொலைபேசியில் கதைத்தோம். நான் ரெஸ்டோரன்ட் என்று தொடங்கியதுமே அவள் தடுத்தாள்.

“ரெஸ்டோரன்ட் வேண்டாமே. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு சாப்பிடுறது எனக்கு ஒரு மாதிரி. குரோய்டனுக்கு அங்கால ஒரு கிராஸ்லாண்ட் இருக்கு. நேச்சர் ரிசேர்வ். இப்ப நல்ல வடிவா இருக்கும். நடந்துகொண்டே கதைப்பம். உங்களுக்கு உது பிடிக்குமா?”

“புல்வெளியோ? எனக்கு அதெண்டா உயிர்,” என்றேன்.

(அதுவரை நான் புல்லில் கால் வைத்தது கிரிக்கெட் விளையாடவும், அப்பா ஏசிய பிறகு வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டவும் மட்டும்தான்.)

“அப்ப முந்தி அங்க போயிருக்கிறீங்களோ?”

“அதுக்குப் போகேல்லை. வேற புல்வெளியளுக்குப் போயிருக்கிறன்.”

“எந்தப் புல்வெளிக்கு?”

“கன இடம். பேர் இப்ப ஞாபகம் வரேல்லை.”

“ஓ,” என்றாள். அது மரியாதையான ‘ஓ’ என்று அப்போது நினைத்தேன். இரண்டு சனிக்கிழமை கழித்துச் சந்திப்பது என்று முடிவாயிற்று. அவளுடைய அப்பாவும் வருவார் என்றாள். “சும்மா காத்து வாங்க வாறாராம்,” என்றாள். பெண் பார்க்கிற விஷயத்தில் எந்த அப்பாவும் சும்மா காற்று வாங்குவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை.

“கலியாணம் பேசிற பிள்ளையை ஆரும் புல்லுக்கையோ கூட்டிக்கொண்டு போறவை?”

“அவதான் கேட்டவ அம்மா.”

“கேட்டா? நீ காசு குடுத்துப் போற ஒரு நல்ல பூந்தோட்டம் சொல்லியிருக்கலாம்தானே. அங்க டொய்லட்டும் இருக்கும்.”

டொய்லட் என்ற சொல் என்னை உலுக்கியது. உடனே அந்த இடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். கழிவறை இல்லை. தேநீர்க் கடை இல்லை. குப்பைத் தொட்டி இல்லை, ஆகவே குப்பையைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டு செல்லவும். புல்லில் உண்ணி இருக்கலாம், ஆகவே நீளமான காற்சட்டை அணியவும். மாடுகள் மேயலாம், ஆகவே அமைதியாகக் கடந்து செல்லவும். இவ்வளவையும் வாசித்த பிறகு, சாதாரண மனிதன் எதற்காக அங்கே போகிறான் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான் இப்போது சாதாரண மனிதன் அல்ல. புல்வெளி என்றால் உயிரை விடுகிறவன்.

ஆயத்தம் தொடங்கியது. மலை ஏறுகிறவர்கள் போடும் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். புதுச் சப்பாத்து என்று தெரியக்கூடாதே என்று இரவில் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் மண்ணில் தேய்த்தேன். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். உண்ணி கடித்தால் பிடுங்குகிற கருவி ஒன்று வாங்கினேன். (அதைச் சோதித்துப் பார்க்க உண்ணி கிடைக்கவில்லை.) பறவைகளின் பெயர்களையும் வண்ணத்துப்பூச்சிகளின் பெயர்களையும் ரயிலில் போகும்போது பாடமாக்கினேன். மாட்டை அமைதியாகக் கடப்பது எப்படி என்று காணொளிகள் பார்த்தேன். மாட்டைக் கடப்பதை ஒரு பாடமாகப் படித்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் கூடப் போதாது என்று தோன்றியது. முதல் தரம் போகிறபோது வழி தவறினால்? வெளிக்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் தடுமாறினால்? ஆகவே ஒத்திகை பார்ப்பது என்று தீர்மானித்தேன். குறித்த நாளுக்கு முந்திய சனிக்கிழமை, என் சிநேகிதன் ஜூட்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஜூட் மன்னார்ப் பக்கத்துக்காரன். ஞாயிறு பூசைக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் படுக்கையை விட்டு எழும்பாதவன். “ஒரு பெட்டையோட புல்லில நடக்கிறதுக்கு, என்னோட ஒருக்கா நடந்து பாக்கப்போறியோ?” என்று வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தான்.

இடம் உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. ஒரு சரிவு முழுக்க இடுப்பளவு, முழங்காலளவு, சில இடங்களில் கணுக்காலளவு என்று விதவிதமான புல். மஞ்சளும் ஊதாவுமாகப் பொடிப் பூக்கள். மாடு ஒன்றும் கண்ணில் படவில்லை; எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சரிவின் நடுப்பகுதிக்கு வந்தபோதுதான் அதைக் கண்டேன்.

புல் குட்டையாக இருந்த ஒரு துண்டு நிலம் முழுவதும் மெல்லிய மூங்கில் தடிகள் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிங்க் நிற ரிப்பன். காற்றில் அவை எல்லாம் சேர்ந்து படபடத்தன. ஏதோ குழந்தையின் பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து எல்லோரும் அப்படியே விட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. இவ்வளவு அழகான இடத்தை இப்படி அசிங்கப்படுத்தியிருக்கிறார்களே. அடுத்த சனிக்கிழமை அவள் வந்து இதைப் பார்த்தால் எவ்வளவு வேதனைப்படுவாள். ‘குப்பையை வீட்டுக்குக் கொண்டு செல்லவும்’ என்ற வரி என் தலைக்குள் ஒலித்தது.

“ஜூட், வாடா. சிரமதானம் செய்வம்.”

(எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பொது இடங்களைப் பிள்ளைகளைக் கொண்டு துப்புரவாக்குவதற்குப் பெயர் சிரமதானம். ‘சிரமம்’ யாருக்கு என்று அந்தச் சொல்லில் இல்லை.)

ஜூட் ஒரு தடியைக் குனிந்து பார்த்தான். “மச்சான், இந்த ரிப்பனில நம்பர் எழுதிக் கிடக்கு. ஆரோ வேணுமெண்டு வச்ச மாதிரியெல்லோ கிடக்கு.”

“குப்பைக்கு நம்பர் போட்டா அது குப்பை இல்லையோ?”

“இல்லையடா, கட்டிடம் கிட்டிடம் கட்டப்போறாங்களோ தெரியாது.”

“நேச்சர் ரிசேர்வில ஆரடா கட்டிடம் கட்டுறது? பிடுங்கு.”

பிடுங்கினோம். ஜூட் பாதியில் களைத்துப் புல்லில் படுத்துவிட்டான். நான் ஒருவனாகவே மிச்சத்தைப் பிடுங்கினேன். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று. கடைசித் தடியையும் உருவி, கட்டுக் கட்டாகக் காரின் பின்பெட்டியில் அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சரிவு பச்சையாக, துப்புரவாக, ஒரு புகைப்படம்போல இருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு திருப்தியாக நின்ற இடங்கள் குறைவு.

வீட்டுக்கு வந்து தடிகளைக் குப்பையில் போடப் போனபோது அம்மா பாய்ந்து வந்தார்.

“கோதாரி, நல்ல தடியளையெல்லே எறியிறாய். என்ர போஞ்சிக் கொடிக்குக் கொம்பு இல்லாமல் நான் தவிக்கிறன்.”

தடி குட்டையாக இருக்கிறதே என்றேன். இரண்டு இரண்டாகச் சேர்த்துக் கட்டினால் சரி என்றார். கட்டுவதற்கு எதுவும் தேடவில்லை. ரிப்பன்களைக் கழற்றி அவற்றாலேயே கட்டினார். மாலைக்குள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுவதும் பிங்க் முடிச்சுகளோடு போஞ்சிப் பந்தலாகிவிட்டது. “நீ இண்டைக்குத்தான் இந்த வீட்டுக்கு ஒரு பிரயோசனமான வேலை செய்திருக்கிறாய்,” என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை வந்தது. குரோய்டன் ஸ்டேஷன் வாசலில் தர்சினியையும் அப்பாவையும் ஏற்றினேன். தர்சினி ஒரு பழைய காற்சட்டையும், உண்மையாகவே பழசான சப்பாத்தும் போட்டிருந்தாள். என் சப்பாத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுடைய அப்பா கோட்டும் ரையும் கட்டி, முகம் தெரியும் அளவுக்குப் பொலிஷ் பண்ணிய சப்பாத்தோடு வந்திருந்தார். மாப்பிள்ளை பார்ப்பதற்கான உடுப்பு; இடம் புல்வெளி என்பதற்காக அவர் அதை மாற்றவில்லை. பின் இருக்கையில் இருந்துகொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நீர் புல்லில நல்ல ஆர்வமாமே?”

“ஓம் அங்கிள். சின்னனில இருந்தே.”

“ஓ,” என்றார். அதன் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெளிக்கதவை ஒரே கையால் சரியான பக்கம் திறந்துவிட்டேன். (ஒத்திகையின் முதலும் கடைசியுமான பலன் இதுதான்.) சரிவில் ஏறும்போது தூரத்தில் வானத்தில் ஏதோ அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தது. பாடமாக்கியதைக் காட்ட இதுதான் தருணம்.

“அந்தா பாருங்கோ, வல்லூறு. இரையைப் பாத்துக்கொண்டு ஒரே இடத்தில நிக்கிது.”

தர்சினி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அது கட்விக் எயார்போட்டுக்குப் போற பிளேன்,” என்றாள்.

ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் பின்னால் வந்ததை இன்னும் கொடுமையாக்கியது. அவள் வேகமாக நடந்தாள். நடக்க நடக்கக் குரலில் உற்சாகம் ஏறியது.

“உங்களுக்கு ஒரு சாமான் காட்டப்போறன். அம்மா இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு சொன்னவ. ஆனா புல்லில விருப்பமான ஆள் எண்டபடியால் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். இந்த ரிசேர்வ் எங்கட கவுன்சிலின்ரதான். நான் ஒஃபிஸில வேலை செய்யிறேல்லை. இஞ்சதான் வேலை செய்யிறன்.”

“இஞ்சயெண்டா?” என்று கேட்டேன்.

“இந்தப் புல்லுக்கதான். இந்த மேட்டுக்கு அங்கால ஒரு ஓர்க்கிட் இருக்கு. பூவைப் பாத்தா ஒரு தேனீ வந்து குந்தியிருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு வருசம் பூக்கும், அடுத்த வருசம் மண்ணுக்க நித்திரை கொள்ளும், பிறகு திரும்ப வரும். பூ இல்லாத நேரம் ஆருக்கும் தெரியாது, புல்லோட புல்லா இருக்கும். மூண்டு வருசமா ஒவ்வொரு செடியையும் தேடிப் பிடிச்சு, பக்கத்தில ஒவ்வொரு தடி குத்தி...”

மேட்டைத் தாண்டினோம். அவள் நின்றாள்.

துப்புரவான பச்சைச் சரிவு எங்களுக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

முதலில் அவள் இடம் மாறி வந்துவிட்டதாக நினைத்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் ஓடினாள். பிறகு முழங்காலில் நின்று புல்லை விலக்கிப் பார்த்தாள். ஒரு சின்ன ஓட்டையை விரலால் தொட்டாள்.

“ஆரோ பிடுங்கிப்போட்டினம்,” என்றாள். “எல்லாத்தையும்.”

அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்த ஓட்டையைப் பார்த்தேன். ஓட்டைக்கு அரை விரல் தூரத்தில் ஒரு பூ நின்றது. மூன்று ஊதா இதழ்கள். நடுவில் கபில நிறத்தில், மயிரும் வரியுமாக, அச்சு அசல் தேனீ. போன சனிக்கிழமையும் அது அங்கேதான் நின்றிருக்கும். தடியையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

அந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆண்மகன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது இது:

“காத்தா இருக்கும்.”

கோட்டில் ஒட்டிய புல்விதைகளைத் தட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா நிமிர்ந்தார். “காத்து ஒண்டு ரெண்டைச் சாய்க்கும் தம்பி. மிச்சம் விடாமல் அள்ளிக்கொண்டு போகுமோ?”

தர்சினி யாருக்கோ தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னாள். கொலின் என்ற அவளுடைய மேலதிகாரி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். நான் இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை; மூன்று வருட உழைப்பைத் துப்புரவாக்கிவிட்டு, அதே ஆளுக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பது இலேசான காரியம் அல்ல. ஒரு வழி இருந்தது. தடிகளைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் எங்காவது போட்டுவிடுவது. பிறகு நானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வது. (ஓம், அந்த நிலையிலும் திட்டம்தான் போட்டேன்.)

ஒரு முட்பற்றைக்குப் பின்னால் போய் அம்மாவுக்கு எடுத்தேன். இணைப்பு விட்டுவிட்டு வந்தது.

“அம்மா, அந்தப் போஞ்சித் தடியளை எல்லாம் உடனே பிடுங்குங்கோ. ரிப்பனையும் கழட்டுங்கோ. தர்சினிக்குத் தெரியக்கூடாது. விளங்குதோ?”

“என்ன? ஆருக்குப் போஞ்சி வேணுமாம்?” என்றார் அம்மா. இணைப்பு அறுந்தது.

இனி அங்கே நிற்க ஒருவருக்கும் மனமில்லை. ஏற்கெனவே பேசிவைத்தபடி மிச்சத்தில் எங்கள் வீட்டுக்கு, அம்மாவின் தேநீருக்குப் போக வேண்டும். தர்சினி முன் இருக்கையில் ஏறினாள். குரோய்டனை நெருங்கும்போது காரின் ஒலிபெருக்கி மணியடித்தது. திரையில் ‘அம்மா’ என்று பெரிதாக எழுந்தது. அதை நிறுத்துவதற்காக நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். அது எடுக்கிற பொத்தான். (கணினிதான் எனக்குத் தொழில் என்பதை நினைவில் கொள்ளவும்.)

“தம்பி,” என்றது கார் முழுவதும். “நீ அப்ப சொன்னது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்தப் புல்லுக்க இருந்து நீ கொண்டுவந்த தடியளை ஏன் பிடுங்கச் சொல்லுறாய்? போஞ்சிக்கொடி இப்பதான் பிடிச்சு ஏறுது. நம்பர் எழுதின ரிப்பனால எல்லாம் வடிவாக் கட்டி விட்டிருக்கிறன். அந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது எண்டு ஏன் சொல்லுறாய்? அவ வந்தா நான் முதல் அதைத்தான் காட்ட இருக்கிறன், நீ எவ்வளவு துப்புரவான பொடியன் எண்டு.”

நான் நிறுத்துகிற பொத்தானைத் தேடினேன்.

“ஏன் கதைக்கிறாய் இல்லை? பிள்ளை பக்கத்திலயோ?”

“ஓம் அன்ரி,” என்றாள் தர்சினி. “பக்கத்திலதான் இருக்கிறன்.”

“ஆ, சுகமா பிள்ளை? ரோல்ஸ் பொரிச்சு வச்சிருக்கிறன், கெதியா வாங்கோ,” என்று சொல்லி அம்மா வைத்துவிட்டார்.

“வண்டியை நிப்பாட்டுங்கோ,” என்றாள் தர்சினி.

ஒரு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கிப் பஸ்ஸில் போய்விடுவாள் என்று நினைத்தேன். அது நியாயமாகவும் இருந்திருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தே சொன்னேன். பிறந்தநாள் குப்பை என்று நினைத்தது, நம்பரைப் பற்றி ஜூட் சொல்லியும் கேளாமல் விட்டது, புல்வெளி என்றால் உயிர் என்று புளுகியது எல்லாவற்றையும். “நீங்க வரேக்க இடம் வடிவா இருக்கோணும் எண்டுதான்,” என்றேன். சொன்ன பிறகு அது இன்னும் முட்டாள்தனமாகக் கேட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ரிப்பன் ஒண்டையும் எறியேல்லைத்தானே?”

“அம்மா ஒண்டையும் எறியமாட்டா.”

“அப்ப வண்டியை எடுங்கோ.”

பின் இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால், அவளுடைய அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

மிச்சத்தில் தர்சினி தேநீருக்கு இருக்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். அம்மாவுக்கு விஷயம் விளங்கியபோது முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் ஒரு விவசாயிக்குரிய கேள்வியைக் கேட்கத் தவறவில்லை: “அப்ப என்ர கொடி?” தர்சினி ஒரு முடிச்சுக்கு முன்னால் குந்தினாள். சுருண்டு பிடித்திருந்த கொடியின் நுனியை நகத்தால் தூக்கி, ஒரு சுற்றுக்கூட முறியாமல் அவிழ்த்து, பக்கத்து வேலிக்கம்பியில் ஏற்றிவிட்டாள். பிறகு அடுத்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

“தம்பி,” என்றார் என் காதுக்குள், “நீ செய்தது விசர்வேலைதான். ஆனா இந்தப் பிள்ளையை விட்டிடாதை. கையைப் பார்.”

அவளுடைய அப்பா கோட்டைக் கழற்றிப் பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, மூன்றாவது ரோல்ஸைக் கையில் எடுத்தார். அன்று முதன்முறையாக நீளமாகக் கதைத்தார்.

“தம்பி, மகள் புல்லுக்க முழங்காலில நிண்டு வேலை செய்யிறா எண்டு சனத்துக்குச் சொல்ல எங்களுக்கு வெக்கமாக் கிடந்தது. அதுதான் கவுன்சிலில பெரிய வேலை எண்டு சொல்லுறனாங்கள். இண்டைக்கு உம்மைப் பாத்தாப் பிறகு அந்த வெக்கம் போயிட்டுது. அவ செய்யிறது ஒரு படிச்ச வேலை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. உம்மட வேலைக்கும் படிப்புத் தேவைதானே?”

“கொஞ்சம் தேவை, அங்கிள்.”

“ஓ,” என்றார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கொலினிடம் போய் நானே சொன்னேன். உயரமான, சிவந்த முகமுள்ள மனிதர். கடைசிவரை கேட்டுவிட்டு, எனக்குச் சனிக்கிழமைகளில் என்ன வேலை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இனி உண்டு என்றார்.

பூத்து நின்ற செடிகளைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. தடி நின்ற ஓட்டைகள் மூடிக்கொண்டு வந்ததால், மற்றவற்றைப் பாதையோரம் அடித்திருந்த மர முளைகளிலிருந்து அளந்துதான் தேட வேண்டும். தர்சினி தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துத் தூரத்தைச் சொல்ல, நான் அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழங்காலில் ஊர்ந்தேன். “மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ,” என்றாள் முதல் சனிக்கிழமை. “வேலைக்கு ஆள் காணாது, அதுதான்.” இரண்டாவது சனிக்கிழமை அம்மா கொடுத்துவிட்ட ரோல்ஸைச் சாப்பிட்டாள். நான்காவது சனிக்கிழமை, எந்த இலை ஓர்க்கிட், எந்த இலை வெறும் களை என்று எனக்குச் சொல்லித் தந்தாள். சில செடிகளை எவ்வளவு தேடியும் காணவில்லை. அவற்றுக்காக அவள் வருந்தியபோது நான் பேசாமல் இருக்கப் பழகினேன். டூட்டிங்கில் தோசைக்கு முன்பே தீர்ந்துபோன என் கதை, இங்கே நாடாவின் ஒரு நுனியில் நான், மறுநுனியில் அவள் என்று இருந்தபோது தீரவேயில்லை.

இரண்டு வீட்டிலும் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் அவளுடைய அம்மா தொலைபேசியில், “என்ன பிள்ளை, முடிவு என்ன?” என்று கேட்டிருக்கிறார். தடிகளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து இவள், “இன்னும் மிச்சம் இருக்கம்மா,” என்றிருக்கிறாள். அவர் அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, மிச்சம் பொடியனைப் பிள்ளை இன்னும் கைவிடவில்லை என்று எங்கள் அம்மாவுக்கு அறிவித்துவிட்டார். நாங்கள் கடைசித் தடியைக் குத்துவதற்குள் மண்டபம் பார்த்துவிட்டார்கள். அதை மறுக்க இருவருக்கும் தோன்றவில்லை.

கலியாணம் முடிந்த அடுத்த கோடையில் கொலின் அந்தச் சரிவில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார். ‘இவை ஆய்வுக்கான அடையாளத் தடிகள், தயவுசெய்து தொட வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், அதைத் தமிழிலும் எழுதித் தரும்படி தர்சினியிடம் கேட்டாராம். அவளும் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள்: ‘தடிகளைப் பிடுங்க வேண்டாம்.’ வேறு எந்த மொழியும் அந்தப் பலகையில் இல்லை. கனடாவிலிருந்து எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் என் மாமனார் கோட்டும் ரையுமாக அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்கிறார்.

போன ஜூன் மாதம் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அவளுக்கு எட்டு வயது. பலகைக்கு முன்னால் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்று, அந்த இரண்டாவது வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்ன மொழி என்று அந்த அம்மா மகளிடம் கேட்டார். தமிழ் என்றாள் மகள், வாசித்தும் காட்டினாள்.

“அப்படியா,” என்றார் அந்த அம்மா, சரிவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு. “நிறையத் தமிழர்கள் இங்கே வருகிறார்களா?”

“இல்லை,” என்றாள் மகள், என்னைக் கையால் காட்டி. “ஒரு ஆள்தான்.”